பழைய வீடு கையில் இருக்கும்போது பெரிய கடன்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருந்தது. 2013இல் 48 லட்சத்துக்கு வாங்கியது. இரண்டு படுக்கையறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது எனக்கு 27 வயது, லிஃப்ட் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. அப்பா அம்மா ஊரிலிருந்து நிரந்தரமாக வந்து சேர்ந்த பிறகு, மாடிப்படியின் நடுவில் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைத் தினமும் பார்க்க வேண்டியதாயிற்று. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனி வீடு பார்த்தோம். கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் குளியலறையும் இருந்தன. விலை 1 கோடியே 40 லட்சம்.

சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, பதிமூன்று வருடமாக ஒரு தவணைகூடத் தவறவில்லை, கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் மதிப்பெண் 790க்கு மேல். ‘இதையெல்லாம் பார்த்தால் வங்கி அள்ளிக் கொடுக்கும்’ என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கடன் பிரிவில் இருந்தவர் நான் கொண்டுபோன சொத்து மதிப்பீட்டைத் தொடக்கூட இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கேட்டார்: “உங்க ஃபிளாட் எவ்வளவு போகும்கிறது இருக்கட்டும் சார். மாசம் எவ்வளவு ஈஎம்ஐ கட்டுறீங்க?”

35,300 ரூபாய் என்றேன். எழுதினார், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்துக்குள் இருந்ததுதான் எங்கள் பிரச்சினை முழுவதும். கையில் வருகிற சம்பளத்தில் இத்தனை சதவீதம்வரைதான் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து போகலாம் என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அவர் சொன்ன வரம்பு 55 சதவீதம். பிடித்தம் போக எனக்கு வருவது 1,60,000. அதில் 55 சதவீதம் 88,000. அதிலிருந்து 35,300 போனால் புது வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 52,700. எட்டு சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை 836 ரூபாய். ஆக, கிடைக்கக்கூடிய கடன் 63 லட்சம். எனக்குத் தேவைப்பட்டது ஒரு கோடிக்கு மேல்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் தவணையில் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும், புதிதாகக் கிடைக்கக்கூடிய கடனில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தின்றுவிடும். எங்கள் 35,300 தின்றது 42 லட்சம். ஆனால் அந்தப் பழைய கடனில் பாக்கி எவ்வளவு தெரியுமா? 13 லட்சத்துக்குப் பக்கம்தான்.

பதிமூன்று லட்சப் பாக்கி நாற்பத்திரண்டு லட்சத்தை மறிப்பது ஏன் என்றால், 2013இல் வட்டி 10 சதவீதத்துக்கு மேல். பிறகு வட்டி இறங்கியபோதெல்லாம் வங்கி தவணையைக் குறைக்கவில்லை, காலத்தைக் குறைத்தது. அப்போது எங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, சீக்கிரம் முடிகிறதே என்று. அதன் விளைவு, கடைசிக் காலத்தில் பாக்கி சின்னதாகவும் தவணை பெரிதாகவும் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வீட்டுக்கடன் வைத்திருக்கிற பலருக்கும் நிலைமை இதுதான். தங்கள் கடன் பாக்கியையும் தவணையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்.

இது முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு ரிசர்வ் வங்கி போட்டது. கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது. 1.40 கோடிக்கு அதிகபட்சம் 1.05 கோடி. மீதி 35 லட்சம் நம் கைக்காசு. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் முடியாது. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அதாவது 12 லட்சத்து 60 ஆயிரம். ஆக 47 லட்சத்து 60 ஆயிரம் கையில் வேண்டும். எங்களிடம் வைப்புத்தொகை, மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப்.இல் எடுக்கக்கூடியது எல்லாம் சேர்த்து 40 லட்சம் இருந்தது. மனைவி இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டிருந்ததால் சம்பளக் கணக்கில் நான் ஒருவன்தான்.

முதலில் தோன்றிய யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையையும் வருமானமாகக் காட்டுவது. எங்கள் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு 20,000 வாடகை. வங்கி அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. காலியாகக் கிடக்கும் மாதம், பராமரிப்பு என்று கழித்து, 70 சதவீதம் எடுத்தால் 14,000. அதிலும் 55 சதவீதம்தான் தவணைக்கு, அதாவது 7,700. இருபதாயிரம் வாடகை கடைசியில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் கடனாகச் சுருங்குகிறது. சரி, அதாவது கிடைக்குமே என்றால் அதுவும் இல்லை. வாடகை ஒப்பந்தம் வேண்டும், வங்கிக் கணக்கில் மாதாமாதம் வாடகை விழுந்திருக்க வேண்டும், வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். நாங்களே குடியிருக்கிற வீட்டுக்கு இதில் எதைக் காட்டுவது? ‘குடிபோன பிறகு வாடகை வரும்’ என்பதைக் கேட்டு அவர் சிரித்தார், மரியாதையாகத்தான்.

இரண்டாவது, கைக்காசில் 13 லட்சத்தைக் கட்டிப் பழைய கடனை முடித்துவிடுவது. மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க அபராதம் கிடையாது. முடித்த அன்றே 88,000 முழுசாக எனக்குத் திறக்கிறது. 1.05 கோடிக்குத் தவணை 87,800. நூலிழையில் பொருந்துகிறது! முதல் பூட்டு திறந்துவிட்டது. ஆனால் 40 லட்சத்தில் 13 போய், கையில் 27. வேண்டியது 47.6. இருபது லட்சம் துண்டு விழுகிறது.

அந்த இருபது லட்சத்துக்கு, இப்போது கடன் இல்லாமல் இருக்கும் ஃபிளாட்டையே அடமானம் வைக்கலாமே என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. சொத்து அடமானக் கடன் ஒன்பது சதவீதத்தில் பதினைந்து வருடத்துக்குக் கிடைத்தால்கூட 20 லட்சத்துக்கு மாதம் 20,300 தவணை. அது புது வீட்டுக் கடனில் 24 லட்சத்தைத் தின்னும். இருபதைத் தேடப் போய் இருபத்துநாலைத் தொலைப்பது. பழைய கடனின் மேலேயே டாப்-அப் என்று கூடுதல் கடன் வாங்கினாலும் இதே கதைதான். மனைவி 50,000 சம்பாதித்துக்கொண்டிருந்தால் அவர் பங்கில் 27,500 கூடியிருக்கும், அந்த அடமானத் தவணையை அது தாங்கியிருக்கும், நாங்களும் இந்த வழியில்தான் போயிருப்போம். இரண்டு சம்பள வீடுகளில் ஃபிளாட்டை விற்காமலே சமாளிக்க முடிவது இதனால்தான்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். அது பலருக்குத் தெரிவதில்லை. பழைய கடனை முடிக்காமல், இன்னொரு வங்கிக்கு மாற்றி, காலத்தை மறுபடி நீட்டிக்கொள்வது. வங்கியில் ‘டேக்ஓவர்’ என்பார்கள். 13 லட்சம், எட்டு சதவீதம், பதினைந்து வருடம்: தவணை 12,400. காசு செலவழிக்காமலே 35,300 என்பது 12,400 ஆகிறது. என் தகுதி 63 லட்சத்திலிருந்து 90 லட்சத்துக்குத் தாவுகிறது. செயல்பாட்டுக் கட்டணம், புதிதாக அடமானப் பதிவு, வக்கீல் ஒப்புதல் என்று சில்லறைச் செலவு உண்டு. மொத்த வட்டியும் கூடும், ஆனால் பிறகு கையில் பணம் சேரும்போது முன்கூட்டிக் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இது நல்ல வழி. எங்களுக்கு மட்டும் பற்றவில்லை. வீட்டு விலையும் பத்திரச் செலவும் சேர்ந்த 1.526 கோடியில் 90 லட்சம் போக 62 லட்சம் கையில் வேண்டும், இருந்ததோ 40. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருக்கிறது, ஆனால் தகுதிதான் இடிக்கிறது என்பவர்கள் வீட்டை விற்கப் போவதற்கு முன் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இடைக்காலக் கடன் என்று ஒன்று இருக்கிறது. புது வீட்டை முதலில் வாங்கிவிட்டு, பழையதை ஒன்றிரண்டு வருடத்துக்குள் விற்று அடைப்பது. 45 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 37,500. வாங்குபவர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் எழுதிவிட்டார், பதிவுக்கு மூன்று மாதம் இருக்கிறது என்றால் சரி. ஆள் இல்லாமல் இதில் இறங்கினால், நான்காவது மாதத்தில் வருகிறவன் கேட்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும்.

மிஞ்சியது விற்பது. மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்குச் சந்தையில் 60 லட்சம் சொன்னார்கள். பாக்கி 13, தரகு ஒரு சதவீதம் போக 46 லட்சம் கையில். நாற்பதோடு சேர்த்தால் 86. பழைய தவணையும் போய்விட்டது, கைக்காசும் வந்துவிட்டது. இரண்டு பூட்டும் ஒரே சாவியில் திறக்கிற வழி இது ஒன்றுதான். கணக்குப்படி 67 லட்சம் கடன் போதும். வண்ணம், மராமத்து, அவசரத்துக்குக் கொஞ்சம் என்று வைத்து 78 லட்சம் கேட்டோம். தவணை 65,200. ஒரு கோடிக்கு மேல் வாங்கி 88,000 கட்டுவதற்கும் இதற்கும் நடுவில் எனக்கு நல்ல தூக்கம் இருந்தது.

விற்கப் போகிறோம் என்றதும் வீட்டில் ஏற்பட்ட சலசலப்பைச் சொல்லாமல் விட முடியாது. மச்சினன் போன் போட்டான். “மாமா, மெட்ரோ வர்ற நேரத்துல யாராவது விப்பாங்களா? இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க.” அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் எங்கள் பகுதி வழியாகத்தான் வருகிறது, தூண்கள் கண்ணெதிரே எழுந்துகொண்டிருந்தன. ஆனால் ஃபிளாட்டின் வரலாறு வேறு சொன்னது. 48 லட்சம் 60 லட்சமாக ஏறப் பதிமூன்று வருடம் ஆகியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. அடுக்குமாடியில் விலை ஏறுவது நம் பங்கு மனையில்தான், கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. எங்கள் பிரிபடாத பங்கு 420 சதுர அடி. 60 லட்சத்தை அதில் முடக்கி வைத்தால் அந்தப் பணத்துக்கு எட்டு சதவீதம், வருடம் 4.8 லட்சம், புதுக் கடனில் வட்டியாகப் போகும். வாடகையில் பராமரிப்பு, சொத்து வரி எல்லாம் போக இரண்டு லட்சம் நின்றால் பெரிது. மீதி 2.8 லட்சத்துக்காவது ஃபிளாட்டின் விலை வருடாவருடம் ஏறினால்தான் கைக்குக் கை சரி. மெட்ரோ வந்தால் ஏறலாம். ஒரு சம்பளத்தை நம்பி நான் அந்தப் பந்தயம் கட்டத் தயாராக இல்லை. அதுவே தனி மனையோடு இருக்கிற பழைய வீடு என்றால் என் கணக்கு மாறியிருக்கும்.

வீடு விற்ற லாபத்துக்கான வரி விஷயத்தில் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம் என்று இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். குறியீடு என்பது வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது. அது 2013-14இல் 220, 2025-26இல் 376. எங்கள் 48 லட்சம் அந்தக் கணக்கில் 82 லட்சம் ஆகிறது. 60க்கு விற்றால் வரி போட லாபமே இல்லை. நல்ல லாபத்தில் விற்பவர்களுக்கும், விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடம் பின்போ வேறு வீடு வாங்கினால் விலக்கு இருக்கிறது. விற்பனை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரி, பிடிப்பார், அது கணக்குத் தாக்கலில் திரும்ப வரும்.

இனி, நாங்கள் இடறிய இடங்கள். முதலில் போன ஒரு வங்கியில் “ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், ஆயிடும்” என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, வீட்டுக்காரருக்கு ஐந்து லட்சம் முன்பணம் கொடுக்கக் காசோலைவரை எழுதிவிட்டேன். நல்லவேளை, அன்று அவர் ஊரில் இல்லை. பத்து நாள் கழித்து அதே வங்கி 63 லட்சத்துக்குத்தான் அனுமதிக் கடிதம் கொடுத்தது. கிரய ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தாக வேண்டும், அதில் எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கிறவரிடம் வாங்கினால், வங்கி பத்திரத்து விலைக்குத்தான் கடன் தரும் என்பதையும் மறக்கக்கூடாது. 1.40 கோடி வீட்டை 1.10க்கு எழுதினால் கடன் 82.5 லட்சத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்று, வயது. எனக்கு நாற்பது என்பதால் அறுபதுவரை இருபது வருடம் முழுசாகக் கிடைத்தது. 46 வயதுக்காரருக்கு அறுபதோடு முடிக்கச் சொன்னால் பதினான்கு வருடம்தான். லட்சத்துக்கு 836 என்பது 991 ஆகிவிடும். அதே 88,000க்கு 89 லட்சம்தான் தேறும். தம்பியின் வீட்டுக்கடனில் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அவன் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் தவணை முழுவதும் நம் தலையில்தான் ஏறும். அப்பா பெயரிலும் பிள்ளை பெயரிலும் சேர்த்து வாங்கிய கடனுக்கும் இதேதான். இதைப் பலர் சிபில் அறிக்கையைப் பார்க்கும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்குக் கடன் கேட்பவர்களை ரிசர்வ் வங்கி விதிப்படி வணிக ரியல் எஸ்டேட் கணக்கில் வைப்பார்கள், அங்கே விதிமுறையும் வட்டியும் வேறு.

வரம்பு வங்கிக்கு வங்கி மாறும் என்பதும் முக்கியம். 55க்குப் பதில் 60 சதவீதம் எடுக்கும் இடத்தில் எனக்கு இன்னும் ஒன்பதரை லட்சம் கூடியிருக்கும். ஆனால் கூடக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு மாதக் கடைசியில் முழிப்பதில் அர்த்தமில்லை.

விற்பனை நாங்கள் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது, ஒரு இடத்தைத் தவிர. வாங்குபவர் கொடுத்த 15 லட்சம் முன்பணத்தில் பழைய கடனை முடித்தோம். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கி தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. எங்களுக்கு 19 நாளில் வந்தது. புது வங்கி ‘பழைய கடன் முடிந்த கடிதம் வந்த பிறகே பணம்’ என்ற நிபந்தனையோடு 78 லட்சத்துக்கு அனுமதி தந்திருந்தது, அதுவும் தீர்ந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் இனிப்பு வாங்கிய அன்று மாலை, வாங்குபவரின் வக்கீல் வில்லங்கச் சான்றை அனுப்பிவைத்தார். 2013இல் வங்கிக்கு எழுதிக்கொடுத்த அடமானம் அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடனை அடைத்தால் மட்டும் அது போகாது. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் பதிவுசெய்ய வேண்டும். அவருக்கு நேரம் கிடைத்து, டோக்கன் கிடைத்து, மறுபடி வில்லங்கம் போட்டு எடுக்க ஒன்பது நாள்.

வியாழக்கிழமை விற்றோம், திங்கட்கிழமை வாங்கினோம். வாங்குபவரிடம் முதலிலேயே பேசி, பதிவுக்குப் பிறகு பத்து நாள் அங்கேயே இருக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தோம். வாடகை வீடு, அட்வான்ஸ், இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்குவது எல்லாவற்றையும் அந்த ஒரு வரி மிச்சப்படுத்தியது. அப்பா மட்டும் கடைசி நாள்வரை மாடிப்படியை எண்ணிக்கொண்டே இறங்கினார். முப்பத்தாறு படியாம்.